சனிக்கிழமைப் படம்

ஜூன் 7, சனி

இன்று படம் பாதியில் நின்றுவிட்டது. கதாநாயகி ரயில் படியில் ஒரு காலை வைத்தாள், அத்தோடு சுவர் இருண்டது. புரொஜெக்டரின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது.

"சூடாயிருச்சுங்க. சித்த நேரம் ஆறட்டும்," என்றார் இவர்.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். அதற்குள் நான் கீழே போய் வெங்காயம் நறுக்கிப் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்தேன். மறுபடி போட்டால் பத்து நிமிடம் ஓடியது, மறுபடி சிவப்பு விளக்கு. அந்தப் பெண் ஊர் போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாமலே பஜ்ஜியைத் தின்று முடித்தோம்.

இரண்டு மாதமாகவே கீழ் மூலையில் ஒரு மஞ்சள் கறை வேறு இருக்கிறது. யார் அந்தப் பக்கம் போனாலும் காமாலை வந்ததுபோல் ஆகிவிடுகிறார்கள். போன வாரப் படத்தில் கல்யாணக் கூட்டம் முழுக்க நன்றாக இருக்க, மாப்பிள்ளைக்கு மட்டும் காமாலை.

சரி பண்ணுவதா, புதிது வாங்குவதா என்று இவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு எதுவானாலும் சரி. அது என் பொருள் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

கிருத்திகா பெங்களூரிலிருந்து பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அப்பா, அதுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. தூக்கிப் போடுங்க. புதுசு நானே வாங்கி அனுப்பறேன்."

"பாக்கலாம் பாப்பா."

"எப்பப் பாத்தாலும் பாக்கலாம் பாக்கலாம்னுதான் சொல்வீங்க."

பிறகு என்னிடம் பேசினாள். நல்லா இருக்கீங்களா, கால் வலி எப்படி இருக்கு, வெயில் குறைஞ்சுதா. அளவாகவும் மரியாதையாகவும் பேசும் பெண். இவருடைய முதல் மனைவி ரேணுகாவின் மகள். ரேணுகா இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஹாலில் படம் இருக்கிறது. தினமும் காலையில் அதற்கு நான்தான் பூ வைக்கிறேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை, வைக்கத் தோன்றியது.

கிருத்திகா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். கீழே ஹாலிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். அவள் மாடிக்கு ஏறி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை இருந்தாலும் படம் பார்க்க வரமாட்டாள், லேப்டாப்பில் வேலை இருக்கிறது என்பாள். நான் வந்த பிறகு மாடி எங்கள் இருவருக்கும் உரியது என்று ஒதுங்குகிறாள் போலிருக்கிறது. நான் கேட்டதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் இவர் அடுத்த வீட்டு கிரைண்டரைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தார். முப்பது வருடம் பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவர். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்த வீட்டில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், மோட்டார், காலிங் பெல் எதுவும் கடைக்குப் போனதில்லை.

"ஏனுங்க, இதையும் ஒரு தடவை கழட்டிப் பாக்கலாமுல்ல?" என்று மாடியைக் காட்டினேன்.

"அது நமக்குப் பிடிபடாதுங்க," என்றார். ஸ்குரூ டிரைவரைத் துடைத்து வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். நேற்றுதான் மழை பெய்தது.

மதியம் அலமாரியில் புரொஜெக்டர் பில்லைத் தேடி எடுத்தேன். இருபத்தாறு வருடம் கல்லூரி நூலகத்தில் இருந்தவளுக்கு ஒரு காகிதத்தைத் தேடுவது கஷ்டமில்லை. வாங்கியவர் கையெழுத்து: ரேணுகா வெள்ளியங்கிரி. சாய்ந்த, அவசரக் கையெழுத்து.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. ரேணுகாவின் பொருளில் ஸ்குரூ டிரைவரை வைக்க இவருக்கு மனம் வரவில்லை. தூக்கிப் போடவும் மனம் வராது. நியாயம்தான்.

ஜூன் 12, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் ஒன்பது நாளுக்குப் பிறகு வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினோம். இடுப்பு வலி.

ஜூன் 14, சனி

படம் இல்லை. ஆனாலும் ஆறரை மணிக்கு இருவரும் பழக்கத்தில் மாடி ஏறிவிட்டோம். வெறும் வெள்ளைச் சுவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு நிலக்கடலை உரித்துக்கொண்டே எட்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

என் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்பாவுக்குச் சினிமா ஆகாது. அம்மா போன பிறகு அப்பாவும் நானுமாக இருபத்திரண்டு வருடம் இருந்தோம். கடைசி ஒன்பது வருடம் அவர் படுக்கையில். நான் கல்லூரிக்குப் போவேன், வருவேன், அவருக்குச் செய்வேன். தியேட்டருக்குப் போனது வாழ்க்கையில் மூன்றே தடவை, அதில் ஒன்று பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனது. அப்பா போன மறுவருடம் என் சித்தி மகள்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசினாள். பேக்கரியில் சந்தித்தோம். எதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல், "சினிமா பாப்பீங்களா?" என்று இவர் கேட்டார். நான் அந்த மூன்று தடவையையும் சொன்னேன். தேங்காய் பன் தீரும்வரை வேறு ஒன்றும் பேசவில்லை.

ஐம்பது வயதில் கல்யாணம். முதல் வாரமே சனிக்கிழமை மாலை, "மேல வாங்க, ஒண்ணு காட்டறேன்," என்று கூட்டிப்போனார். சுவர் முழுக்க ஒரு கடல். நான் பின்னால் நகர்ந்து நாற்காலியைத் தட்டிவிட்டேன்.

அதிலிருந்து பதினாறு மாதம். ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை, இன்று தவிர.

ஜூன் 17, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். இவர் செய்யமாட்டார், நானே கொண்டுபோய் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறேன். ரேணுகாவின் பொருள் நான் வந்த பிறகு குப்பைக்குப் போனது என்று நாளை ஒருவர் சொல்லக்கூடாது. முக்கியமாகக் கிருத்திகா. அவள் வாயால் தூக்கிப் போடச் சொன்னாலும் மனதில் அப்படி இருக்காது.

புரொஜெக்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு சர்வீஸ் கடையின் ஸ்டிக்கர், தொலைபேசி எண்ணோடு. காந்திபுரம் நூறடி ரோடு. போன் செய்தேன், கொண்டு வரச் சொன்னார்கள்.

ஜூன் 18, புதன்

இவர் பேங்குக்குப் போன நேரத்தில் புரொஜெக்டரைப் பழைய போர்வையில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, "குழந்தையா?" என்று எட்டிப் பார்த்தார்.

கடைக்காரர் பெயர் அக்பர் அலி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. மேல் மூடியைக் கழற்றியதும் தூசி பஞ்சுமெத்தைபோல் படிந்திருந்தது. அதற்குள் விசிறி பாதிதான் சுற்றியது.

"இதனாலதான் சூடாகுது மேடம்," என்றவர், உள்ளே ஒட்டியிருந்த ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நான் சர்வீஸ் பண்ணுன மெஷின்தான். போன வருஷம் ஜனவரி. பம்ப்செட் கம்பெனி சார் வீடா?"

"ஆமாங்க."

"அப்ப நீங்கதான் அந்த மேடமா?"

எந்த மேடம் என்று கேட்டேன்.

"சார் கொண்டு வந்தப்ப மேல எலிப்புழுக்கை எல்லாம் இருந்துச்சுங்க. அஞ்சு வருஷமாப் பரண்ல கெடந்துச்சுன்னாரு. இத்தன நாள் விட்டுட்டு இப்ப எதுக்கு சார், புதுசே வாங்கிக்கலாமேன்னேன். 'அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வீட்டுக்கு வரப்போறவங்க மூணே தடவதான் தியேட்டருக்குப் போயிருக்காங்களாம். வந்த உடனே காட்டோணும், நீங்க சீக்கிரம் பண்ணிக் குடுங்க'ன்னாரு. மூணு நாள் தொடர்ந்து வந்து இந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தாரு மேடம்."

கடையில் வேறு யாரோ கீபோர்டு கேட்டு வந்தார்கள். அவர் எழுந்து போனார். நான் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு காலில் கம்பி சுற்றியிருந்தது.

ஒரு வாரம் ஆகும் என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும்.

"நீங்களா? பஸ்ஸுலயா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கனமாச்சேங்க அது," என்றார்.

ஜூன் 19, வியாழன்

அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். நெய் அதிகமாகிவிட்டது. இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, சனி

படம் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. தலைக்கு மருதாணி வைத்தேன், காதெல்லாம் ஆரஞ்சு.

அஞ்சு வருஷமாகப் பரணில் கிடந்தது என்றால் ரேணுகா இறந்ததும் ஏற்றியிருக்கிறார். நினைவாக வைத்துக்கொள்ள நினைப்பவர் ஒரு பொருளைப் பூட்டி வைப்பாரே தவிர எலி தின்ன விடுவாரா? இதை நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இதை யோசிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை என்று எழுதி வைக்கிறேன்.

ஜூன் 25, புதன்

அக்பர் அலி போன் செய்தார். விசிறி மாற்றியாகிவிட்டது, தூசி எடுத்தாகிவிட்டது, இனி நிற்காது. ஆனால் மஞ்சள் கறை போகாதாம். உள்ளே ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு சூட்டில் வெந்துபோயிருக்கிறது. கம்பெனியில் அந்தப் பாகம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இதே மாடலில் பழைய மெஷின் ஏதாவது வந்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம்.

"ஓடுமுங்க மேடம். எத்தன நாள் ஓடும்னு மட்டும் என்னையக் கேக்காதீங்க. என்ற வீடா இருந்தா மாத்திருவேன். உங்க வீடு, நீங்கதான் சொல்லோணும்."

இதை என்னைப் போய்ச் சொல்லச் சொல்கிறார்.

ஜூன் 28, சனி

மறுபடி படம். அந்த ரயில் பெண் ஊர் போய்ச் சேர்ந்தாள், கல்யாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளை மஞ்சள் மூலையில் நிற்காமல் தப்பித்தான்.

ஒன்று கவனித்தேன். புரொஜெக்டரைப் போட்டதும் விசிறி உறுமிக்கொண்டு கிளம்பும். அந்த நேரம் இவர், "தண்ணி எடுத்துட்டு வாரனுங்க," என்று கீழே போனார். தண்ணீர்ச் செம்பு மேலேயே இருந்தது. படம் முடிந்து அணைத்த பிறகும் சூடு ஆறுவதற்காக இரண்டு நிமிடம் விசிறி தானாக ஓடிவிட்டுத்தான் நிற்கும். அணைப்பதற்கு முன்பே, "அடுப்புல பால் இருக்குது," என்று எழுந்துவிட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை மாதமும் அப்படித்தான். அணைப்பது நான், வயரைச் சுற்றுவது நான், உறை போடுவது நான். இவர் அந்த இரண்டு நிமிடத்தில் ஒருநாள்கூட மேலே இருந்ததில்லை. சோம்பல் என்று நினைத்து மனதுக்குள் செல்லமாகத் திட்டியிருக்கிறேன்.

பால் அடுப்பில் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்தது.

ஜூலை 5, சனி

இன்று கேட்டுவிட்டேன்.

படம் ஆரம்பிக்கும் முன், புரொஜெக்டரைப் போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "இதோட சத்தம் உங்களுக்கு ஆகலையாங்க?"

இவர் வேட்டி நுனியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

ரேணுகா கடைசி நாலு மாதம் இந்த அறையில்தான் இருந்திருக்கிறார். கீழே வருகிறவர் போகிறவர் தொந்தரவு வேண்டாம் என்று கட்டிலை மேலே போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து படம் ஓடிக்கொண்டே இருக்குமாம். பார்ப்பாரோ இல்லையோ, சுவரில் ஆட்கள் நடமாட வேண்டும், பேச்சுக் குரல் கேட்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மூச்சு நின்றபோதும் ஏதோ ஒரு நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"பாப்பாதான் போய் அணைச்சா. படம் போயிருச்சு. ஆனா அந்த விசிறி நிக்குல. அது தானா நிக்கற வரைக்கும் ரெண்டு நிமிசம் ஓடுச்சுங்க. பாப்பா ரெண்டு காதையும் பொத்திட்டு அது பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. அப்பறம் அவ மாடிக்கு வந்ததே இல்ல. அடுத்த நாளே நான் எடுத்துப் பரண்ல போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் எறக்குனீங்க?"

"நீங்க மூணு தடவைன்னு சொன்னீங்கல்ல." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புதுசு வாங்கலாம்னுதான் நெனச்சேன். கல்யாணத்துக்குன்னு புதுசா வாங்குனா, அம்மாவோடத ஒதுக்கிட்டேன்னு பாப்பா நெனச்சுக்குமோன்னு ஒரு இது. பழசையே எறக்குனேன். அதுவும் அவளுக்குச் சங்கடந்தான்னு பின்னாடித்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள உங்களுக்கு இது புடிச்சுப்போச்சு. உங்களுக்குப் புடிச்சத எப்படிங்க மாத்தறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற இடம் இல்லை என்று தெரிந்தும் வந்தது. "நான் உங்களுக்காகத்தான் இதப் போர்வையில சுத்தி பஸ்ஸுல தூக்கிட்டு அலைஞ்சேன்," என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். இவருக்கும் வந்துவிட்டது. அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்து இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதில் கொஞ்சம் சிரிப்பினால் வந்தது.

படம் போடவில்லை. கீழே வந்து தோசை ஊற்றினேன்.

ஜூலை 6, ஞாயிறு

காபி குடிக்கும்போது இவர் கேட்டார். "சரி, ரேணுகாவ விடுங்க, பாப்பாவ விடுங்க, என்னையும் விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்? ரிப்பேர் பண்ணுனதே போதுமா, புதுசு வேணுமா?"

"எதுவானாலும் சரிங்க," என்றேன்.

"அது பதில் இல்லீங்க."

டம்ளரைக் கழுவ எழுந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

இன்னும் பதில் சொல்லவில்லை. இவரும் விடுவதாக இல்லை. காலையில் பல் துலக்கும்போது எனக்குப் பின்னால் வந்து நின்று, "யோசிச்சீங்களா?" என்கிறார்.

யோசித்தால் ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று புடவைக் கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். ஹோட்டலில் கேட்பார்கள். அப்போதும் அப்பாவுக்கு எது செரிக்குமோ அதையே நானும் சொல்லிவிடுவேன். தனியாக இன்னொன்று சொல்வது வீண் வேலை என்று தோன்றும். அதைப் பெரிய தியாகமாக நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

முருங்கைக்கீரை வாங்கினேன். பூச்சி.

ஜூலை 13, ஞாயிறு

நானாகக் கிருத்திகாவுக்குப் போன் செய்தேன். பதினேழு மாதத்தில் இதுதான் முதல் தடவை. எடுத்ததும், "அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள் பதறி.

"அப்பா நல்லா இருக்கார்ம்மா. மார்க்கெட் போயிருக்கார். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு போன் பண்ணினேன். அந்தப் புரொஜெக்டர்."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா சொல்லிட்டாரா?" என்றாள்.

"சொன்னார்."

"நான் தூக்கிப் போடுங்கன்னு சொன்னது புதுசு மேல ஆசைப்பட்டு இல்ல," என்றாள். பிறகு படபடவென்று வந்தது. "நீங்க வந்தப்புறம் அத மறுபடி ஓட்டறாருன்னு தெரிஞ்சப்ப எனக்குக் கோவம். உங்க மேல இல்ல. உங்க மேலயும் கொஞ்சம். நான் கீழ ஹால்ல படுத்திருப்பேன், மேல நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறது கேக்கும். நல்லாத்தான் இருக்கும். அப்புறம் படம் முடிஞ்சு அந்தச் சத்தம் வரும். நான் ஹெட்போன் போட்டுக்குவேன்."

வேலை இருக்கிறது என்று அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"ஐயோ, அதுக்காகத்தான் நான் சொல்லல. நீங்க படம் பாக்கணும். அப்பா சனிக்கிழமைக்காகத் திங்கட்கிழமையிலிருந்தே படம் தேடறாரு. எனக்குப் போன் பண்ணி, 'இது அவங்களுக்குப் புடிக்குமா பாப்பா?'ன்னு கேக்கறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

போனை வைத்த பிறகு குழம்பு அடிப்பிடித்திருந்தது. இவர் வந்து, "நல்லா வாசமா இருக்குதே," என்றார்.

ஜூலை 19, சனி

படம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பஸ் பிடித்து வாலாங்குளம் போய் நடந்தோம். ஆடிக் காற்று புடவையைச் சுழற்றி அடித்தது. இவர் மக்காச்சோளம் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 23, புதன்

இன்று காலை தோட்டத்தில் இவர் குழாயைத் திருகிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று சொன்னேன்.

"எனக்குப் புதுசு வேணுங்க."

"எது?"

"புரொஜெக்டர். சத்தம் இல்லாதது. மாடியிலயே வைக்கணும், அந்த ரூம் எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா நாற்காலி வேண்டாம், சாய்ஞ்சு உக்கார சோபா வேணும். மூணு பேர் உக்காரற மாதிரி. சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்கணும்."

இவ்வளவு சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. இவர் குழாயை மூட மறந்துவிட்டார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"வேற?" என்றார்.

"அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்து, "சோபா நீல நிறம்," என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

வெள்ளையடிக்கிறவர்கள் வந்தார்கள். வீடெல்லாம் சுண்ணாம்புக் கால்தடம். ஆடியில் புதுப்பொருள் வாங்குவார்களா என்று அடுத்த வீட்டு அக்கா கேட்டார். ஆடித் தள்ளுபடி என்று கடைக்காரர்களே கூப்பிடுகிறார்களே என்றேன். பதினெட்டு அன்று வாங்கினால் நல்லது என்று சொன்னார். சரி, பதினெட்டு அன்றே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

கடையில் ஒரே கூட்டம். புரொஜெக்டர்களுக்கு மட்டும் ஓர் இருட்டு அறை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் எங்களைக் கூட்டிப்போனார். திரையில் கிளி, மீன், பனிமலை எல்லாம் காட்டினார். ஒவ்வொரு மெஷினுக்கும் வெளிச்சம் எவ்வளவு, எத்தனை வருட வாரண்டி என்று ஒப்பித்தார். கிளியின் இறகை எண்ணலாம்போல் இருந்தது.

"இத ஒரு தடவ அணைச்சுக் காட்டுங்க," என்றேன்.

"அணைக்கணுமா மேடம்? இன்னும் ஒரு டெமோ இருக்கு, புலி வரும்."

"புலி அப்புறம் வரட்டும். அணைங்க."

முதல் மெஷின் அணைந்த பிறகும் உஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். அவருக்கு நான் என்ன தேடுகிறேன் என்று புரியவில்லை. பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டார், அணைத்தார். மூன்றாவது லேசர் மெஷினாம். நான் இவரைப் பார்த்து, "நீங்க கேளுங்க," என்றேன்.

இவர் குனிந்து, கம்பெனியில் மோட்டாருக்கு வைப்பதுபோலவே காதைப் பக்கத்தில் வைத்தார். கடைக்காரர் அணைத்தார். திரை போனது. உள்ளே ஏதோ லேசாக மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம், மூன்றோ நான்கோ நொடி, பிறகு ஒன்றுமே இல்லை. வெளியே கூட்டத்தின் பேச்சு மட்டும் கேட்டது.

இவர் நிமிரவே இல்லை. காதை வைத்தபடியே நின்றார். பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், ஸ்பீக்கர் வைத்திருந்த பக்கம் நடந்து போய் ஒரு பெட்டியின் விலைச் சீட்டை வெகுநேரம் படித்தார்.

"இதையே குடுங்க," என்று கடைக்காரரிடம் நான் சொன்னேன்.

"புலி பாக்கலையா மேடம்?"

அவர் ஆசைப்பட்டதால் பார்த்தேன். நல்ல புலி.

ஆகஸ்ட் 6, புதன்

பழையதை அக்பர் அலி வந்து எடுத்துக்கொண்டார். பாகங்களுக்கு ஆகும் என்றார். கொடுப்பதற்கு முன் இவர் ஒரு ஈரத்துணியால் துடைத்தார், அடிப்பக்கம் வரை. நான் காபி போட்டேன். அக்பர் அலிக்குச் சர்க்கரை இல்லாமல்.

ஆகஸ்ட் 9, சனி

சோபா வந்தது. நீலம்தான், ஆனால் கடையில் பார்த்ததைவிட அடர்த்தி. மாடிப் படியில் திரும்பாமல் பாதியில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைக் கழற்றி ஏற்றினார்கள். புதிய மெஷினை இன்னும் போடவில்லை. அடுத்த வாரம் கிருத்திகா மூன்று நாள் லீவில் வருகிறாள், அதுவரை இருக்கட்டும் என்றேன். இவர் தினமும் மேலே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஆகஸ்ட் 16, சனி

கிருத்திகா நேற்றுக் காலை வந்தாள். நேற்று முழுக்கக் கீழேயே இருந்தாள். மேலே வரச் சொல்லி நாங்கள் கூப்பிடவில்லை.

இன்று மாலை ஆறு மணிக்கு நான் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். இவர் ஏற்கனவே போய் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. இவர் வயரைக் கீழே வைத்துவிட்டு எழப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காலடி மறுபடி ஏறியது.

வாசலில் நின்று சுற்றிலும் பார்த்தாள். "வெள்ளையடிச்சிருக்கீங்க," என்றாள். பிறகு சோபாவைப் பார்த்து, "இது யாரு செலக்‌ஷன்? இவ்ளோ நீலம்?" என்றாள்.

"நான்தான்," என்றேன்.

"நல்லாருக்கு சித்தி," என்று உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இல்லை, ஓரத்தில், என் பக்கத்தில்.

என்ன படம் போடுவது என்று தகராறு. இவர் ஒன்று வைத்திருந்தார், அவள் அதை மூன்று தடவை பார்த்துவிட்டாளாம். அவள் சொன்னதில் பாதிப் பேர் செத்துப்போவார்கள் என்று இவர் வேண்டாம் என்றார். கடைசியில் கிருத்திகா, "முதல்ல ஒண்ணு போட்டுக்கட்டுமா? சின்னதுதான்," என்று தன் போனை எடுத்தாள். என்னைப் பார்த்து, "உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றாள். எது என்று தெரியாமலே தலையாட்டினேன்.

சுவரில் ஒரு மலைப்பாதை வந்தது. வால்பாறை போகும் வழியாம், பதினான்கு வருடத்துக்கு முன். ஓரத்தில் கார் நிற்கிறது. பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், கையில் கடித்த கொய்யாவோடு, எங்களை நோக்கிக் கையை வீசிக்கொண்டு வருகிறாள்.

"ஏனுங்க, என்னைய எதுக்கு எடுக்கறீங்க? அந்தக் கொரங்க எடுங்க! என்ற பையத் தூக்கிட்டுப் போவுது பாருங்க! பாப்பா, புடி அத, புடி!"

கேமரா தடுமாறி ஆகாயத்தைக் காட்டி, மரத்தைக் காட்டி, ஒருவழியாகக் குரங்கிடம் போகிறது. எடுப்பவர் சிரித்துக்கொண்டே இருப்பது கேட்கிறது. இவருடைய சிரிப்புதான், இன்னும் கொஞ்சம் இளமையாக. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி குரங்குக்குப் பின்னால் ஓடுகிறாள். ரேணுகாவின் குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது.

தினமும் பூ வைக்கும் அந்தப் படத்தைப் பார்த்து, மெல்லிய குரலாக இருக்கும் என்று நானாக நினைத்து வைத்திருந்தேன். அப்படி இல்லை. தெருக்கோடியில் போகிற ஆளைத் திரும்பிப் பார்க்க வைக்கும் குரல். கட்டையாக, வேகமாக, வாய் நிறையக் கொய்யாவோடு.

கிருத்திகா அழுதுகொண்டே சிரித்தாள். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பையில எங்க மூணு பேரு சாப்பாடும் இருந்துச்சுங்க," என்று என்னிடம் விளக்கம் சொன்னார்.

மொத்தம் முப்பத்தெட்டு நொடி. குரங்கு பையின் ஜிப்பைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஐந்து தடவை பார்த்தோம். முதல் தடவை கிருத்திகா போட்டது. மற்ற நாலு தடவையும் போடச் சொன்னது நான்.